நூல் பொய் சொல்லாது

வேலி என்று சொன்னால் நம்மில் பலருக்குப் பழமொழிதான் முதலில் ஞாபகம் வரும். வேலியே பயிரை மேய்வது, வேலிக்கு ஓணான் சாட்சி சொல்வது, வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வது என்று எத்தனை பழமொழிகள்! தஞ்சாவூர்ப் பக்கத்து மாமிகளைக் கேட்டால், "எங்கள் தாத்தாவுக்கு ஐந்து வேலி நிலம் இருந்ததாக்கும்!" என்பார்கள். அந்த வேலி வேறு. அது இருபது மா கொண்ட நில அளவு. ஒரு வேலி என்றால் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேலே. அவ்வளவு நிலத்துக்கு நானும் நீங்களும் எங்கே போக? மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அரை கிரவுண்டு கிடைத்தாலே பகவான் புண்ணியம்.

நான் சொல்ல வந்தது நிஜமான வேலியைப் பற்றி. கல்லும் முள்கம்பியும் கொண்ட, பக்கத்து வீட்டையும் நம் வீட்டையும் பிரிக்கிற வேலி. "இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வேலி கோணினால் அதற்கப்புறம் நாற்பது வருஷம் அந்தப் பக்கத்து மாமியோடு பேச வேண்டியவர்கள் நாம்தானே?

அடையாறில் என் அக்காவுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. எங்கள் அப்பா கட்டியது. மனை அறுபதடிக்கு நூற்றிருபதடி. அந்தக் காலத்துக் கணக்கில் மூன்று கிரவுண்டு. பக்கத்து மனைக்கும் எங்களுக்கும் நடுவே அப்பா 1968-ல் போட்ட வேலி ஒன்று இருந்தது. 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையை ஒரு கை பார்த்ததே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு எங்கள் வேப்பமரம் அந்த வேலியின் மேலேயே விழுந்துவிட்டது. பாதித் தூண்கள் முறிந்தன, மீதி சாய்ந்தன. கடற்காற்றில் ஏற்கெனவே துருப்பிடித்திருந்த கம்பி, அப்பளம் மாதிரி நொறுங்கிப்போயிற்று.

புது வேலி போட ஆள் வந்தார்கள், வேகமான ஆட்கள். தெருப்பக்கத்து மூலையில் ஒரு கல்தூணை நட்டார்கள். எட்டடி தள்ளி இன்னொன்று. முதல் இரண்டையும் பார்த்து மூன்றாவது, இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்த்து நான்காவது என்று வரிசையாகப் போனார்கள். அக்கா மாடியில் துணி உலர்த்தப் போனவள் கீழே எட்டிப் பார்த்தாள். ஐந்தே தூண்தான் நட்டிருந்தது. அதற்குள் வேலி வாழைப்பழம் மாதிரி வளைய ஆரம்பித்திருந்தது! "நிறுத்துங்கோ!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

நான் அன்று மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது அக்கா உம்மென்று உட்கார்ந்திருந்தாள். "கிட்டே நின்று பார்த்தால் ஒவ்வொரு தூணும் நேராகத்தான் இருக்கு. மேலேயிருந்து பார்த்தால் இல்லை. என் கண்ணுக்குத்தான் கோளாறா?" என்றாள்.

கண்ணுக்குக் கோளாறில்லை, கணக்குக்குத்தான் கோளாறு. அதை நமக்குப் புரியும்படியாகவே சொல்கிறேன். முதல் தூணுக்கும் இரண்டாவதற்கும் எட்டடி. இரண்டாவது தூண் அரையே அரை அங்குலம் விலகி நிற்கிறது என்று வையுங்கள். அரை அங்குலம் என்ன பெரிய விஷயம்? நம் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஆனால் அந்த இரண்டு தூணையும் நம்பி மற்றவற்றை வரிசையாக நட்டுக்கொண்டே போனால், ஒவ்வொரு எட்டடிக்கும் இன்னொரு அரை அங்குலம் சேர்ந்துகொண்டே வரும். நூற்றிருபதடியில் எட்டடி இடைவெளி பதினைந்து. ஆகக் கடைசித் தூண் ஏழரை அங்குலம் தள்ளி நிற்கும். அந்தக் கோணலுக்குள் அகப்பட்ட நிலத்தைக் கணக்குப் பார்த்தால் முப்பத்தேழரைச் சதுர அடி. ஆறுக்கு ஆறு பூஜையறை ஒன்றை அப்படியே பக்கத்து வீட்டுக்காரருக்குத் தாரை வார்த்துவிடலாம். அல்லது அவருடைய பூஜையறையை நாம் விழுங்கிவிடலாம். எல்லாம் சுண்டுவிரல் அகலத்தில் வந்த வினை! இதில் நாம் ஒருமுறை அரை அங்குலம் தவறியதாகத்தான் கணக்கு. ஒவ்வொரு தூணிலும் புதிதாக ஒரு தவறு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இடையே ஒரு சின்னக் கேள்வி. இடைவெளி பதினைந்து என்றேன். தூண் எத்தனை வாங்க வேண்டும்? பதினைந்து என்று சொன்னவர்கள் கடைக்கு இரண்டாம் தரம் போக வேண்டியிருக்கும். பதினாறு வேண்டும். இடைவெளியைவிடத் தூண் எப்போதும் ஒன்று அதிகம்.

மறுநாள் மந்தைவெளியிலிருந்து வயதான மேஸ்திரி ஒருவர் வந்தார். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் நூல்கண்டு, தூக்குக்குண்டு, ரசமட்டம், நாலைந்து முளைக்குச்சி. வந்தவர் குழி எங்கே தோண்டுவது என்று கேட்கவில்லை. "அம்மா, எல்லைக்கல் எங்கே இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

நீங்களும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். பழைய வேலி இருந்த இடம் எல்லை ஆகிவிடாது. எல்லை என்பது சர்வே கல்லும், பட்டாவும், புலப்படமும் சொல்வது. நம் மாகாணத்தில் 1923-ம் வருஷமே நில அளவை, எல்லைகள் சட்டம் என்று ஒன்று வந்தாயிற்று. அந்தச் சட்டப்படி, தன் நிலத்துக்குரிய அளவைக் கற்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது சொந்தக்காரருடைய பொறுப்பு. நாமோ அதன் மேல் துவைக்கிற கல்லைப் போட்டுவிடுகிறோம். அல்லது பூந்தொட்டியை வைத்துவிடுகிறோம். கல் அகப்படவில்லை என்றால் சண்டைக்கு முன்னால் மனுவைப் போடுங்கள். சர்வேயர் வந்து அளந்து காட்டுவார்.

எங்கள் அதிர்ஷ்டம், இரண்டு கோடியிலும் கல் இருந்தது. தெருக்கோடிக் கல் சங்குபுஷ்பச் செடிக்கு அடியில். பின்கோடிக் கல் அரையடி மண்ணுக்குள். மேஸ்திரி இரண்டையும் சுத்தம் பண்ணி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு நீளக் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நிமிர்த்தி நிறுத்தினார். "முதல்லே ரெண்டு கோடி. அப்புறம்தான் நடு" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோலம் போடுகிற நமக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமா? மார்கழியில் மாட வீதியில் பெரிய புள்ளிக் கோலம் போடுகிறவர்களைப் பாருங்கள். பழகாத பெண் ஒரு மூலையில் ஆரம்பித்து ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டே போவாள். போகப் போக வரிசை சரிந்து, கடைசியில் சாக்கடைக்குள் இறங்கிவிடும். பழகினவள் நடு வரிசையின் இரண்டு முனையையும் முதலில் மனத்தில் குறித்துக்கொள்வாள். கோடு இழுக்கும்போதும் அவள் கண் விரலின் மேல் இருக்காது. போய்ச் சேர வேண்டிய புள்ளியின் மேல் இருக்கும். வேலிக்கும் அதே சாஸ்திரம்தான்.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சங்கடம். நடுவில் பழைய கிணற்றடி மேடு. தெருக்கோடியிலிருந்து பார்த்தால் பின்கோடிக் குச்சி தெரியவில்லை. அங்கேயிருந்து பார்த்தால் இது தெரியவில்லை. என்ன செய்வார் என்று பார்த்தேன். மேஸ்திரி ஒரு குச்சியோடு மேட்டின் மேல் ஏறினார். தம் பேரனை இன்னொரு குச்சியோடு பத்தடி தள்ளி நிற்க வைத்தார். இவர் தெருப் பக்கம், பேரன் பின் பக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். மேஸ்திரிக்குப் பேரனுடைய குச்சியும் அதற்கு அப்பால் பின்கோடிக் குச்சியும் தெரியும். இரண்டும் ஒன்றாகிற வரைக்கும், "வலக்கை, இன்னும் கொஞ்சம், போதும்" என்று பேரனை நகர்த்தினார். அப்புறம் பேரனுடைய முறை. அவனுக்குத் தாத்தாவின் குச்சியும் அதற்கு அப்பால் தெருக்கோடிக் குச்சியும் தெரியும். அவன் தாத்தாவை நகர்த்தினான். இப்படி நாலைந்து தடவை மாற்றி மாற்றி ஒருவரையொருவர் நகர்த்தி, கடைசியில் இரண்டு பேருக்கும் நகர வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. நான்கு குச்சியும் ஒரே கோட்டில்! இரண்டு கோடியும் ஒன்றையொன்று பாராமலேயே நேர்கோடு பிறந்துவிட்டது. தாத்தா சொன்னால் பேரன் நகர வேண்டும், பேரன் சொன்னால் தாத்தா நகர வேண்டும். நம் வீடுகளிலும் இப்படி நடந்தால் எத்தனை சௌகரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேர்கோடு போடுவது சாமான்யம் என்று நினைத்தீர்களானால், நம் ஊரிலேயே நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். அடையாறிலிருந்து கிண்டி வழியாகப் போனால் பரங்கிமலை வருகிறதே, அந்த மலையடி வெளியில் 1802-ம் வருஷம் ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றின் பக்கம் வரை ஏழரை மைல். அளப்பதற்கு நூறடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி. அது சீனச் சக்கரவர்த்திக்கு இங்கிலாந்திலிருந்து காணிக்கையாகப் போய், அவர் வேண்டாமென்று திருப்பிவிட, கைமாறி இங்கே வந்து சேர்ந்த சங்கிலி! ஏழரை மைலையும் அந்தச் சங்கிலியை நானூறு தடவை வைத்து எடுத்தார்கள். அதற்கு ஐம்பத்தேழு நாள் ஆயிற்று.

ஏழரை மைல் நடக்க நமக்கு மூன்று மணி நேரம் போதும். அளக்க ஏன் இத்தனை நாள்? சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகவில்லை. மரப்பெட்டிகளில் படுக்க வைத்து, பெட்டிகளை முக்காலிகளின் மேல் ஏற்றி, திருகித் திருகி மட்டம் பார்த்தார்கள். பக்கத்திலேயே உஷ்ணமானி வைத்தார்கள். சித்திரை வைகாசி வெயில் நமக்குத் தெரியாதா? வெயிலில் எஃகு நீளும். பத்து டிகிரி செல்ஷியஸ் சூடு ஏறினால் நூறடி எஃகு சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். அதையும் நானூறால் பெருக்கிப் பாருங்கள். ஐந்தடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சிறு பிழையை அலட்சியம் பண்ணினால் அது பெருகும் என்று அக்காவின் வேலியில் நாங்கள் கண்டதை, அவர் முன்கூட்டியே கண்டு பயந்தார். அந்தப் பயம்தான் அவருடைய சாமர்த்தியம்.

அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போனார்கள். தெற்கே குமரி வரைக்கும், வடக்கே இமயமலை அடிவாரம் வரைக்கும் அந்த அளவை போயிற்று. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-ல் உலகத்துக்கு அறிவித்தார்களே, அந்தக் கணக்குக்கும் ஆதி இந்த அளவைதான். லாம்டன் 1823-லேயே காலமாகிவிட்டார். பரங்கிமலையில் அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. விமானத்தை வேடிக்கை பார்க்கக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

அவருக்கு முந்தியே நம்மவர்களுக்கும் இந்த வித்தை தெரியும். ராஜராஜ சோழன் காலத்தில் நாட்டு நிலத்தையெல்லாம் கோல் பிடித்து அளந்தார்கள். அந்தக் கோலுக்கு உலகளந்த கோல் என்றே பெயர். அளவுகோலின் நீளத்தைக் கோவில் சுவரிலேயே கோடாகச் செதுக்கி வைத்த ஊர்கள் உண்டு. கோலைக் குறைத்து யாரும் ஏமாற்றக் கூடாது பாருங்கள். சுவாமி சந்நிதியில் நின்று அளவை ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா வீட்டுக்குத் திரும்புவோம். மேட்டின் மேல் நடு முளையை அடித்து, தெருக்கோடியிலிருந்து அதற்கு ஒரு நூல், அதிலிருந்து பின்கோடிக்கு ஒரு நூல் என்று இழுத்துக் கட்டினார்கள். ஒரே நூலாக நூற்றிருபதடிக்குக் கட்டினால் காற்றில் வயிறு தள்ளும். அப்புறம் மேஸ்திரி ஒரு தந்திரம் சொன்னார். தூண் எதுவும் நூலைத் தொடக் கூடாது. ஒரு தூண் நூலை லேசாக இடித்துத் தள்ளினாலும், அடுத்த தூண் தள்ளிப்போன நூலை நம்பி நிற்கும். அதைப் பார்த்து அடுத்தது. ஆகவே எல்லாத் தூணையும் நூலுக்கு ஒரே பக்கமாக, ஒரு தீப்பெட்டி கனம் இடம் விட்டு நிறுத்த வேண்டும். தீப்பெட்டியை நூலுக்கும் தூணுக்கும் நடுவே வைத்து எடுத்தால், சிக்காமலும் தொளதொளக்காமலும் வர வேண்டும். நாலணா சாமானில் எத்தனை பெரிய நியாயம்!

நூல் கட்டி முடிந்ததும் நாங்கள் எல்லோரும் தெருக்கோடியிலிருந்து பின்பக்கம் வரை அதை ஒட்டி நடந்தோம். கிணற்றடி மேட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது மேஸ்திரி நின்றுவிட்டார். அப்பா காலத்துத் தூண்களின் முறிந்த அடிப்பாகம் அங்கே மண்ணில் அப்படியே இருந்தது. முன்னாலும் பின்னாலும் இருந்த அடிக்கட்டைகள் நூலோடு ஒட்டி இருந்தன. இந்த இடத்தில் மட்டும் ஐந்து கட்டைகள் நூலை விட்டு விலகி, பக்கத்து மனைக்குள் போயிருந்தன. நடுவில் இருந்தது முழுசாக ஒன்பது அங்குலம்.

எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. "பக்கத்து மனைக்காரர்கள் வேலியை நம் பக்கம் தள்ளிவிட்டார்கள், கிணற்றடியில் இடம் குறைந்த மாதிரி இருக்கிறது" என்று அம்மா சொல்வாள், சித்தி சொல்வாள், நானும் சொல்லியிருக்கிறேன். அந்த மாமியைப் பார்த்தால் சிரித்துப் பேசுவோம். உள்ளே வந்தால் இதைத்தான் பேசுவோம். இப்போது நூல் வேறு சங்கதி சொல்லிற்று. தள்ளினவர்கள் அவர்கள் இல்லை, நாங்கள்.

அக்கா பிள்ளை சட்டம் படிக்கிறவன். மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டான். ஆறு இடைவெளி, நாற்பத்தெட்டடி, நடுவில் முக்கால் அடி. "பதினெட்டுச் சதுர அடி அம்மா" என்றான். பதினெட்டுச் சதுர அடி என்றால் ஆறுக்கு மூன்று ஒரு கட்டில் போடுகிற இடம். அடையாறில் ஒரு கட்டில் போடுகிற இடத்துக்கு இன்று என்ன விலை என்பது உங்களுக்கே தெரியும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அனுபவித்துவிட்டால் அனுபோக பாத்தியதை என்று ஒன்று உண்டு. பழைய இடத்திலேயே தூணை நட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?" என்றான்.

மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு, "நீங்க சொல்ற இடத்துலே நடறேன். ஆனா நூல் பொய் சொல்லாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அக்கா நூலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் வேலி இல்லாத வேலியின் வழியாக நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் மாமியைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டாள்.

மாமிக்கு எண்பது வயதுக்கு மேலே. கோலை ஊன்றிக்கொண்டு வந்து நூலைப் பார்த்தாள். ஆச்சரியமே படவில்லை.

"இதுதானா? எனக்குத் தெரியுமேடி. இந்த இடத்திலே ஒரு தென்னமரம் இருந்தது, ஞாபகம் இல்லையா உனக்கு? சரியா எல்லையிலே நின்னுது. உங்கப்பா வேலி போடறச்சே அதை வெட்ட மனசு வரல்லை. எங்காத்து மாமாகிட்டே வந்து, 'மரம் இருக்கிற வரைக்கும் வேலியைக் கொஞ்சம் வளைச்சுக்கறேன், தேங்காய் ஆளுக்குப் பாதி'ன்னு கேட்டார். மாமாவும் சரின்னார். மரம் பட்டுப்போனப்புறம் வேலியை மாத்திடறேன்னு சொல்லிண்டே இருந்தார். அதுக்குள்ளே அவரே போயிட்டார்."

"நீங்கள் ஏன் மாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்றாள் அக்கா.

"பாதித் தேங்காய் வாங்கிண்டவ நான். போனவர் பேரிலே பொண்ணுகள்கிட்டே போய் நிலக் கணக்கு கேட்கச் சொல்றியா?"

எங்கள் அம்மா அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தது முதல் அந்தத் தேங்காயில்தான் சட்னி அரைத்தாள். தேங்காய் ஞாபகம் இருந்தது, ஒப்பந்தம் மறந்துபோயிற்று. மறந்த இடத்தில் சந்தேகம் முளைத்துக்கொண்டது. வேலி வளைந்தது ஒன்பது அங்குலம். எங்கள் மனசு வளைந்தது எத்தனையோ!

அக்கா பிள்ளையும் நல்ல பையன்தான். மாமி போனதும், "அனுமதி கேட்டு வைத்துக்கொண்ட இடத்துக்கு அனுபோக பாத்தியதை கிடையாது அம்மா. சட்டப்படியும் நூல்தான் சரி" என்றான். சட்டம் வேறு சொல்லியிருந்தாலும் அக்கா நூல்படிதான் நட்டிருப்பாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மூலைத் தூண் இரண்டுக்கும் ஆழக் குழி, சிமெண்டு கான்கிரீட், உட்பக்கம் வேலியின் போக்கிலேயே சாய்ந்த முட்டுக்கால். ஏனென்றால் கம்பியை முறுக்கி இழுக்கும்போது அந்த இழுப்பையெல்லாம் தாங்குவது மூலைத் தூண்கள்தான். நடுத் தூண்களுக்குக் கம்பியை ஏந்திக்கொள்கிற வேலை மட்டும். ஆனால் வேலி நேராக இருந்தால்தான் இந்தச் சௌகரியம். இழுத்துக் கட்டின கம்பி எப்போதும் நேராகவே பார்க்கும். நடுவில் ஒரு தூண் விலகி நின்றால், கம்பி அதை ராவும் பகலும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் தூண் சாய்ந்துவிடும். அப்பா போட்ட வேலியில் முதலில் சாய்ந்தது அந்த வளைவுத் தூண்கள்தான் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வேப்பமரம் விழுவதற்கு எத்தனையோ வருஷம் முந்தியே அவை தலை சாய்த்திருந்தன.

வீட்டு மூலையில் வேலி திரும்புகிற இடத்தில் சதுரம் சரியாக வர வேண்டுமானால், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடியில் ஒரு குறி, மறுபக்கம் நான்கடியில் ஒரு குறி. இரண்டு குறிக்கும் நடுவே குறுக்காக அளந்தால் சரியாக ஐந்தடி வர வேண்டும். ஐந்துக்குக் குறைந்தால் மூலை ஒடுங்கியிருக்கிறது, கூடினால் விரிந்திருக்கிறது. இடம் இருந்தால் ஆறு, எட்டு, பத்து என்று இரட்டிப்பாக வைத்துப் பாருங்கள். பிழை இன்னும் நன்றாகத் தெரியும். மேஜை விரிப்பு வெட்டும்போதுகூட நான் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

எல்லா வேலியும் கல்லும் கம்பியுமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முள்கம்பியே நேற்று வந்தது. அமெரிக்காவில் கிளிட்டன் என்ற குடியானவர் அதற்கு உரிமை வாங்கியது 1874-ல்தான். அதற்கு முன் நம் ஊரில் உயிர்வேலிதான். காங்கயம் பக்கத்தில் கொறங்காடு என்று மேய்ச்சல் நிலம் வைத்திருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவைப் போத்துகளை வரிசையாக நெருக்கி நட்டுவிட்டால் அவை வேர்விட்டு முள்ளும் இலையுமாகப் பின்னிக்கொள்ளும். காங்கயம் மாடுகள் உள்ளே தாமே மேய்ந்துகொண்டிருக்கும். மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். அங்கேயும் போத்து நடுவதற்கு முன்னால் கயிறு பிடித்தாக வேண்டும். ஆனால் உயிர்வேலிக்கு ஒரு குணம் உண்டு. அது வளரும், பருக்கும், பக்கத்தில் சாயும். வருஷா வருஷம் வெட்டிவிடாவிட்டால் எல்லையைத் தின்றுவிடும். நம் அடையாறு, மயிலாப்பூர் மனைகளில் செம்பருத்தியும் அரளியும் செய்கிற வேலை அதுதான். ஆசைக்கு நடுங்கள், ஆனால் வேலியிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நடுங்கள்.

கடைசியாக ஒன்று. நூல் கட்டுகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு தம்ளர் காப்பி செலவு. வேலி போட்டு முடித்த பிறகு அழைத்தால் அவர் குற்றம் பார்க்க வருவார். நூல் கட்டும்போது அழைத்தால் ஒரு முனையைப் பிடிக்க வருவார். வாய்ப்பேச்சாக ஏதாவது ஒப்பந்தம் செய்துகொண்டால், மரத்துக்காக ஆனாலும் சரி, குழாய்க்காக ஆனாலும் சரி, ஒரு காகிதத்தில் எழுதி இரண்டு வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குள் நம்பிக்கை இருந்தது சரிதான். பிள்ளைகளுக்கு அந்தக் காகிதமாவது மிஞ்ச வேண்டாமா?

வேலி முடிந்த அன்று சாயங்காலம் மேஸ்திரி தெருக்கோடித் தூணுக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். என்னையும் கூப்பிட்டார். நானும் அப்படியே பார்த்தேன். பதினாறு தூணும் ஒரே தூணாகத் தெரிந்தது.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து மாமியின் குரல் கேட்டது. "ஏண்டி, வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போக ஒரு சின்னக் கதவு வைக்கச் சொன்னேனே, மேஸ்திரிகிட்டே சொன்னாயோ?"

அக்கா சொல்லித்தான் இருந்தாள். கதவு, தென்னமரம் நின்ற அதே இடத்தில் இருக்கிறது.